ஹெல்ப்பில் 'வரி' என்று தேடினால் 'முகவரி' ஏன் வருகிறது?

கேள்வி: சார், கோவையில் நூற்பாலைகளுக்கான பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்யும் சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஹெல்ப் பகுதி என் பொறுப்பு. தமிழும் ஆங்கிலமுமாகச் சுமார் 1800 பக்கங்கள். இன்ஸ்டால் செய்த பிறகு முதல்முறை தேடும்போது வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரிலேயே இன்டெக்ஸ் (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்) உருவாகிறது. பழைய மெஷின்களில் ஆறேழு நிமிடம் ஆகிறது என்று புகார். இன்டெக்ஸைத் தயாராகவே சேர்த்து அனுப்பிப் பார்த்தோம், ஹெல்ப்பின் அளவு பல மடங்கு ஊதிவிட்டது. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5 பயன்படுத்துகிறோம். முதலில் அதன் வழக்கமான அமைப்பில் தமிழ்த் தேடலுக்குச் சம்பந்தமில்லாத பக்கங்கள் வந்தன. அதனால் உரையை மும்மூன்று குறிகளாக வெட்டித் தேடும் டிரைகிராமுக்கு மாறினோம். இப்போது 'வரி' என்று தேடினால் 'முகவரி', 'வரிசை எண்' எல்லாம் வருகின்றன. இணையப் பதிப்பில் லுனர், பிரவுசருக்குள்ளேயே தேடும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி. இன்டெக்ஸ் கோப்பு மட்டும் 9 எம்பி, சாதாரண போனில் பக்கம் உறைந்துபோகிறது. மேனேஜர் தேடலுக்கென்றே எலாஸ்டிக்சர்ச் என்ற தனிச் சர்வர் போடலாம் என்கிறார். சீனியர் ஒருவர் இன்டெக்ஸே வேண்டாம், எஸ்க்யூஎல்லில் 'லைக்' போட்டு உரை முழுவதையும் தேடினாலே போதும் என்கிறார். வேகம், அளவு, சரியான முடிவு, இந்த மூன்றில் எதை விட்டுக்கொடுப்பது?

பதில்:

உங்கள் அளவுக்கு மூன்றில் எதையும் பெரிதாக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 1800 பக்கம் என்பது தேடல் வேலையில் சின்னக் கணக்கு. படங்களை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் எழுத்தை மட்டும் எடைபோட்டால் சில எம்பிதான் வரும். நீங்கள் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியது வேறு: இந்த வேலையை யார் தலையில், எப்போது கட்டுவது? உங்கள் ஆபீஸில் பில்ட் ஓடும், அதாவது சாஃப்ட்வேரைத் தொகுத்து இன்ஸ்டாலர் தயாரிக்கும் மெஷின் ஒன்று, மில் ஆபீஸில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று, சூப்பர்வைசர் கையில் இருக்கும் போன் ஒன்று. ஹெல்ப் மாதத்துக்கு ஒருமுறை மாறினாலே அதிகம், தேடுவது மட்டும் தினமும் நடக்கிறது. அப்படியென்றால் முதல் மெஷின் எவ்வளவு பாடுபட்டாலும் பரவாயில்லை, மற்ற இரண்டும் கஷ்டப்படக் கூடாது. நீங்கள் சொன்ன எல்லாக் கோளாறும் இதைத் தலைகீழாகச் செய்ததால் வந்தவை.

நீங்கள் மட்டும் இப்படிச் செய்யவில்லை. விண்டோஸ் 95 பயன்படுத்தியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம், ஹெல்ப்பில் 'ஃபைண்ட்' என்ற டேபை முதல்முறை தொட்டதும் ஒரு விசார்ட் வந்து நிற்கும்: தரவுத்தளத்தின் அளவைக் குறைக்கவா, தேடும் வசதியைக் கூட்டவா, இல்லை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்களா என்று மூன்று வட்டங்கள். அச்சு எடுப்பது எப்படி என்று பார்க்க வந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் ஃப்ளாப்பியிலும் சின்ன ஹார்ட் டிஸ்க்கிலும் வாழ்ந்த காலத்தில் இன்டெக்ஸைச் சேர்த்து அனுப்புவது ஆடம்பரம், அதனால் வேலையைப் பயனர் பக்கம் தள்ளினார்கள். 1997-ல் வந்த எச்டிஎம்எல் ஹெல்ப், அதாவது சிஎச்எம் கோப்பு, தேடல் இன்டெக்ஸைக் கம்பைல் செய்யும்போதே உள்ளே வைத்துச் சுருக்கிக் கொடுத்தது. அப்போதே தீர்ந்த விஷயம். (உடனே சிஎச்எம்முக்குப் போய்விடாதீர்கள். அதன் தேடல் மொழிக்கு ஓர் எழுத்து அட்டவணை என்ற பழைய கோட்பேஜ் முறையை நம்பியது, விண்டோஸில் தமிழுக்கு அப்படி ஒரு கோட்பேஜே கிடையாது.)

சரி, அந்த ஆறேழு நிமிடம். சில எம்பி உரையை இன்டெக்ஸ் செய்ய அவ்வளவு நேரம் ஆகவே கூடாது. என் சந்தேகம் இரண்டு இடத்தில். 1800 பக்கமும் 1800 தனித்தனி எச்டிஎம்எல் கோப்பாக இருந்தால், சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஊசியை நகர்த்தித் தேட வேண்டும், போதாததற்கு ஆன்டிவைரஸ் ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது ஒருமுறை முகர்ந்து பார்க்கும். இரண்டாவது, உங்கள் புரோகிராமில் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனி 'இன்சர்ட்'டாகப் போட்டு, டிரான்சாக்‌ஷன் எதுவும் தொடங்காமல் விட்டிருப்பீர்கள். அப்படி விட்டால் எஸ்க்யூலைட் ஒவ்வொரு இன்சர்ட்டையும் ஒரு முழு டிரான்சாக்‌ஷனாக எடுத்துக்கொண்டு, எழுதியது நிஜமாகவே டிஸ்க்கில் போய் உட்கார்ந்ததா என்று காத்திருக்கும். சாதாரண கம்ப்யூட்டரில் நொடிக்கு 50,000 இன்சர்ட்டுக்கு மேல் போடலாம், ஆனால் டிரான்சாக்‌ஷன் நொடிக்குச் சில டஜன்தான் என்று எஸ்க்யூலைட்டின் கேள்வி-பதில் பக்கமே சொல்கிறது. 7200 சுற்று டிஸ்க்கில் சுமார் 60. உங்கள் 1800 பக்கத்துக்குச் சும்மா காத்திருப்பதே அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகிவிடும், அதன் மேல் எஃப்டிஎஸ் தன் சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து அடுக்கும் வேலை வேறு. முன்னால் ஒரு 'பிகின்', பின்னால் ஒரு 'கமிட்'. இன்றைக்கே போட்டுப் பாருங்கள்.

ஆனால் அது தற்காலிக மருந்துதான். இன்டெக்ஸைப் பில்ட் மெஷினில் உருவாக்கி, கடைசியில் எஃப்டிஎஸ்5-ன் 'ஆப்டிமைஸ்' கட்டளையைக் கொடுத்து, பிறகு 'வேக்கம்' செய்து (முதலாவது இன்டெக்ஸ் துண்டுகளை ஒன்றாக்கும், இரண்டாவது கோப்பில் காலி இடத்தை நீக்கும்), எழுத முடியாத கோப்பாக இன்ஸ்டாலரில் வையுங்கள். புரோகிராம் எழுத உதவும் எக்லிப்ஸ் என்ற சாஃப்ட்வேரின் ஹெல்ப்பும் இதே பாதையில் போனதுதான். முதலில் எல்லாம் நாம் தேடும்போது 'இன்டெக்ஸிங்' என்று ஒரு பட்டை ஓடிக்கொண்டிருக்கும், அப்புறம் பிளக்-இன் எழுதுபவரே லூசீன் என்ற தேடல் நூலகத்தின் இன்டெக்ஸைத் தயாராக வைத்து அனுப்ப வழி செய்தார்கள். அங்கே ஒரு கண்ணி உண்டு: அனுப்பிய இன்டெக்ஸ் எந்த லூசீன் பதிப்பில் செய்ததோ அது ஒத்துப்போகாவிட்டால் தூக்கிப்போட்டுவிட்டுத் திரும்ப முதலிலிருந்து ஓட்டும். எஸ்க்யூலைட் கோப்பு வடிவம் பல வருடமாக மாறாமல் நிற்பதால் உங்களுக்கு அந்தத் தலைவலி குறைவு. ஆனால் சொல் பிரிக்கும் புரோகிராமை நீங்களே எழுதினால், அதை மாற்றும் ஒவ்வொரு முறையும் இன்டெக்ஸையும் புதிதாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எர்ரர் எதுவும் வராமல் முடிவுகள் மட்டும் காணாமல் போகும். கோப்புக்குள் ஒரு பதிப்பு எண் வைத்து, புரோகிராம் திறக்கும்போது ஒப்பிடச் சொல்லுங்கள்.

அளவு ஏன் ஊதியது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. டிரைகிராம் ஒவ்வொரு மூன்று குறிகளையும் ஒரு டோக்கனாக, அதாவது இன்டெக்ஸில் ஏறும் ஒரு துண்டாக எடுக்கும், அதாவது ஒரு சொல்லுக்கு ஒரு பதிவு என்பது போய், கிட்டத்தட்ட ஒரு எழுத்துக்கு ஒரு பதிவு என்றாகிவிடும். மீதிப் பாதி, எஃப்டிஎஸ்5 தானாக வைத்துக்கொள்ளும் நகல். எதுவும் சொல்லாவிட்டால் அது இன்டெக்ஸோடு பக்கத்தின் முழு உரையையும் தன்னிடம் இன்னொரு முறை சேமிக்கும். உங்களிடம் எச்டிஎம்எல்லில் ஒருமுறை, டேபிளில் ஒருமுறை, எஃப்டிஎஸ்ஸுக்குள் ஒருமுறை என்று ஒரே பக்கம் மூன்று இடத்தில் இருக்கலாம். உரை ஏற்கெனவே ஒரு டேபிளில் இருந்தால் 'கன்டென்ட்' என்ற அமைப்பில் அந்த டேபிளின் பெயரைச் சொல்லிவிடுங்கள், நகல் போய்விடும். அந்த இடத்தை முழுக்கக் காலியாக விட்டும் வைக்கலாம், அளவு இன்னும் குறையும், ஆனால் தேடல் முடிவின் கீழே சொல்லைத் தடித்துக் காட்டும் அந்த இரண்டு வரி கிடைக்காது. ஹெல்ப்பில் அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் ஜனங்கள் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து திறந்து மூடுவார்கள். நான் அதை விடமாட்டேன்.

'டீடெயில்' என்று இன்னொரு அமைப்பு இருக்கிறது, இதைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள். சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதோடு, பக்கத்தில் எத்தனையாவது சொல் என்பதையும் சேமிக்கிறோமா என்பது இதில் முடிவாகிறது. எஸ்க்யூலைட் ஆவணத்தில் ஒரு சோதனை கொடுத்திருக்கிறார்கள்: 1636 எம்பி மின்னஞ்சல்களுக்கு முழு விவரத்தோடு இன்டெக்ஸ் 743 எம்பி, 'காலம்' (டேபிளின் நெடுவரிசை) வரை மட்டும் என்றால் 340, எதுவும் வேண்டாம் என்றால் 134. பார்க்கக் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் கீழே இறங்கினால் அடுத்தடுத்த சொற்களாகத் தேடும் வசதி போய்விடும். 'கிரெடிட் நோட்' என்று தேடினால் இரண்டும் எங்கெங்கோ தனித்தனியாக இருக்கும் பக்கங்களிலிருந்து அதைப் பிரிக்க முடியாது. ஜிகாபைட் கணக்கில் உரை வைத்திருப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்கட்டும், உங்கள் சில எம்பியில் மிச்சமாவது ஒரு ஸ்க்ரீன்ஷாட்டின் அளவு. ஹெல்ப்பை இளைக்க வைக்க வேண்டுமென்றால் படங்களைச் சுருக்குங்கள், நிஜமாகவே பலன் தெரியும்.

இனி தமிழ். உண்மையான கோளாறு இங்கேதான் இருக்கிறது, டிரைகிராமுக்கு ஓடும் முன் இதைப் பார்த்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்தே இருக்காது.

எஃப்டிஎஸ்5-ன் வழக்கமான டோக்கனைசர், அதாவது உரையைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி, யூனிகோட்61. எந்தக் குறி சொல்லுக்குள் சேரும், எது சொல்லைப் பிரிக்கும் என்பதை அது யூனிகோட் வகையைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. எழுத்துகள், எண்கள், தனிப்பயன் குறிகள் மட்டும்தான் அதன் கணக்கில் சொல்லுக்குள் சேரும். நம் கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் 'மார்க்' என்ற வேறு வகை. ஆக அவை அதன் கண்ணுக்கு இடைவெளி மாதிரி. 'கோப்பு' என்று கொடுத்தால் ஓகாரக் குறி, புள்ளி, உகரக் குறி மூன்றும் பிரிப்பான்களாகி க, ப, ப என்று மூன்று துண்டாகிவிடும். 'காப்பு' என்றாலும் அதே க, ப, ப. கோப்பு நீக்குவது எப்படி என்று தேடுபவருக்குக் காப்புப்பிரதி எடுப்பது எப்படி என்ற பக்கம் வரும். 'வரி' என்பது 'வர' ஆகிவிடும், 'வரை'யும் 'வர'தான், 'வரும்' என்பதும் 'வர'வில்தான் தொடங்கும். இன்று வரை, முடியும் வரை என்று எழுதாத பக்கம் ஒன்று உண்டா? இதில் மோசம் என்னவென்றால், தேடும் சொல்லும் அதே மாதிரி துண்டாகி, அந்தத் துண்டுகள் அடுத்தடுத்து இருக்கும் இடங்கள் கிடைப்பதால் தேடல் வேலை செய்வது போலவே தெரியும். டெஸ்ட் செய்பவர் 'கோப்பு' என்று தேடுவார், கோப்பு பற்றிய பக்கம் முதல் பத்துக்குள் வரும், பாஸ் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

தீர்வு ஒரே வரி. டேபிள் உருவாக்கும்போது யூனிகோட்61-க்கு 'கேட்டகரீஸ்' என்ற அமைப்பில், ஏற்கெனவே உள்ள மூன்று வகைகளோடு, நம் குறிகள் அடங்கும் மார்க் வகைகளான எம்என், எம்சி இரண்டையும் சேர்த்துவிடுங்கள். தமிழ்ச் சொல் முழுசாக நிற்கும். இதோடு இன்னொன்று: 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். திரையில் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பக்கங்கள் இருந்தால் இந்தச் சிக்கல் இருக்க வாய்ப்பு அதிகம். இன்டெக்ஸ் செய்யும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் இவற்றை ஒரே குறியாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இப்போது டிரைகிராமை எடுத்துவிடலாம். அது செய்வது சொல்லுக்குள் எங்கே இருந்தாலும் பிடிப்பது, அதனால்தான் 'வரி'க்கு 'முகவரி' வந்தது. அதோடு மூன்று குறிக்குக் குறைவாக அடித்தால் ஒன்றுமே கிடைக்காது.

ஆனால் சொல் முழுசாக நின்றதும் வேறு பிரச்சினை எட்டிப் பார்க்கும்: பக்கத்தில் 'கணக்கை', 'கணக்கில்', 'கணக்குகளை' என்று இருக்கும், பயனர் 'கணக்கு' என்று அடிப்பார். இங்கேதான் நிஜமான பேரம் தொடங்குகிறது. இன்டெக்ஸ் செய்யும்போதே வேற்றுமை உருபுகளை வெட்டி வேர்ச்சொல்லாக்கி வைக்கலாம். ஸ்னோபால் என்ற தொகுப்பில் தமிழுக்கு இப்படி வெட்டும் ஒரு ஸ்டெம்மர் இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2019-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அதைத் தன்னோடு சேர்த்தே தருகிறது. இன்டெக்ஸ் சிறியதாகும், தேடலும் வேகம். ஆனால் அது தப்பாக வெட்டினால் அந்தத் தப்பு இன்டெக்ஸுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும், திருத்த முழுசாகத் திரும்பச் செய்ய வேண்டும். மாறாக, சொற்களை இருக்கிறபடியே வைத்துவிட்டு, தேடும் நேரத்தில் கேள்வியை விரிக்கலாம். கோடிக்கணக்கான பக்கம் இருந்தால் இது வலிக்கும். உங்கள் 1800-க்கு வலிக்காது, அதனால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

விரிப்பது எப்படி? கடைசி உயிர்க்குறியை எடுத்துவிட்டு முன்பகுதியாகத் தேடுவது முதல் படி: 'கணக்கு' என்பதை 'கணக்க' என்று தொடங்கும் எல்லாம் என்று மாற்றினால் கணக்கை, கணக்கில், கணக்குகள் அத்தனையும் மாட்டும். 'ம்' என்று முடியும் சொற்களில் இது சரிப்படாது. 'பணம்' என்பதை 'பண' என்று வெட்டினால் பணியாளர் எல்லாம் வரிசையில் வந்து நிற்பார்கள். அங்கே 'பணம்' அல்லது 'பணத்த' என்று தொடங்குவது என்று இரண்டாகக் கேளுங்கள், பணத்தை, பணத்துக்கு, பணத்தில் எல்லாம் அதில் அடங்கும். 'வரி' மாதிரி குட்டிச் சொற்களுக்கு முன்பகுதித் தேடல் அப்படியே ஆபத்து, 'வரிசை' உள்ளே வந்துவிடும். 'வரி' அப்படியே, 'வரிய' என்று தொடங்குவது, 'வரிக' என்று தொடங்குவது, இந்த மூன்றும் போதும்: வரியை, வரியில், வரிகள், வரிக்கு எல்லாம் கிடைக்கும், வரிசை கிடைக்காது. வரிவிலக்கு, வரிச்சலுகை போன்ற கூட்டுச்சொற்கள் இதில் விட்டுப்போகும், அதற்கு வேறு வழி சொல்கிறேன். எஃப்டிஎஸ்5-ல் 'ப்ரிஃபிக்ஸ்' என்று தனியாக ஒரு இன்டெக்ஸ் போடும் வசதி உண்டு, உங்கள் அளவுக்கு அது இல்லாமலே ஓடும். எழுத எழுத முடிவு காட்ட வேண்டும் என்று நினைத்தால் மட்டும் போடுங்கள், அப்போதும் அது எண்ணுவது யூனிகோட் குறிகளை என்பதை மறக்க வேண்டாம். இரண்டு என்று வைத்தால் தமிழில் 'கோ' என்ற ஒரே எழுத்தோடு முடிந்துபோகும், மூன்றும் நான்கும் வையுங்கள்.

அப்புறம் முடிவுகளின் வரிசை. ஹெல்ப்பில் இருபதாவது இடத்தில் இருக்கும் சரியான பக்கம் இல்லாத பக்கத்துக்குச் சமம். எஃப்டிஎஸ்5 பிஎம்25 முறையில் மதிப்பெண் போடுகிறது. அரிதான சொல்லுக்கு எடை அதிகம், எங்கும் இருக்கும் சொல்லுக்கு எடை குறைவு என்பது அதன் அடிப்படை, கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-ல் எழுதிய யோசனை அது. உங்கள் ஹெல்ப்பில் 'பில்' என்ற சொல் எல்லாப் பக்கத்திலும் இருக்கும், ஆகவே 'பில் கேன்சல்' என்று தேடினால் 'கேன்சல்'தான் தீர்மானிக்கும். அதுவும் சரிதான். எஃப்டிஎஸ்5-ல் இந்த மதிப்பெண் மைனஸில் வரும், குறைவானதுதான் நல்லது. பழக்கதோஷத்தில் இறங்குவரிசையில் அடுக்கி, மோசமான பக்கத்தை முதலில் காட்டிவிட்டுத் தேடல் சரியில்லை என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் புரோகிராமிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டேபிளில் தலைப்பு, பக்கம் என்று இரண்டு காலம் (நெடுவரிசை) வைத்திருப்பீர்கள். மூன்றாவதாகத் 'தேடுசொற்கள்' என்று ஒன்று சேருங்கள், திரையில் காட்ட வேண்டாம். பிஎம்25-ல் ஒவ்வொரு காலத்துக்கும் தனி எடை கொடுக்கலாம், இதற்கும் தலைப்புக்கும் தூக்கலாகக் கொடுங்கள். இதில் என்ன எழுதுவது? நீங்கள் பக்கத்தில் 'விலைப்பட்டியலை ரத்து செய்தல்' என்று எழுதியிருப்பீர்கள். மில்லில் உட்கார்ந்திருப்பவர் 'பில் கேன்சல்' என்று அடிப்பார், இல்லையென்றால் ஆங்கில எழுத்திலேயே 'பில் கேன்சல் பண்ண' என்று அடிப்பார், இன்வாய்ஸ் என்பார். அத்தனையும் அங்கே போகட்டும், கூட்டுச்சொற்களும் அங்கேயே. ஒத்த சொல் அகராதி ஒன்று செய்து தேடும் நேரத்தில் விரிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், ஆனால் அரிதான மாற்றுச்சொல் ஒன்று எங்கோ ஒரு பக்கத்தில் இருந்தால் பிஎம்25 அதைத் தூக்கி மேலே வைத்துவிடும், அதை அடக்குவதே தனி வேலை. பக்கத்தை எழுதியவருக்கு எதற்காக எழுதினோம் என்று தெரியும், அவரே ஐந்தாறு சொல் சேர்ப்பது மலிவு. இன்டெக்ஸ் சில நூறு கேபி கூடினால் கூடட்டும்.

ஸ்டாப் வேர்ட் பட்டியல், அதாவது தேடலில் கணக்கில் எடுக்காத சொற்களின் பட்டியல், எதுவும் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். இடம் போதாத காலத்தில் வந்த பழக்கம் அது. ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணம் தயாரிக்கும் கருவியின் ஆங்கிலப் பட்டியலில் 'டு', 'நாட்', 'இஃப்', 'ஃபார்' எல்லாம் இருந்தன. ஜிஎஸ்டியில் 'பில் டு ஷிப் டு' என்று ஒரு நடைமுறையே இருக்கும்போது 'டு'வைத் தூக்கிப்போட்டால் எப்படி? தமிழில் 'இல்லை', 'கூடாது' போன்றவற்றை நீக்கும் பட்டியல்கள் இன்னும் மோசம்.

இணையப் பதிப்புக்கு வருவோம். 9 எம்பி ஜேசன் கோப்பைச் சர்வர் சுருக்கி அனுப்பும், இறங்கும் அளவு குறைவாகவே இருக்கும், அதனால் நெட்வொர்க்கை மட்டும் பார்ப்பவருக்குப் பிரச்சினை தெரியாது. போன் அதை விரித்து, முழுசாகப் படித்து, லட்சக்கணக்கான சின்னச் சின்னப் பொருள்களாக மெமரியில் கட்டி நிறுத்தும் நேரத்தில்தான் உறைகிறது, அதுவும் திரையை வரையும் அதே த்ரெட்டில். பின்னணியில் தனியாக ஓடும் வெப் வொர்க்கருக்குத் தள்ளினால் உறைவது நிற்கும், மெமரி குறையாது. தமிழ், ஆங்கிலம் என்று இன்டெக்ஸை இரண்டாகப் பிரித்தால் பாதிச் சுமை போய்விடும், இதை முதலில் செய்யுங்கள். கையோடு இன்னொன்றையும் சோதியுங்கள்: லுனரின் ட்ரிம்மர், சொல்லின் இரு முனையிலும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு அல்லாத எதையும் வெட்டிவிடும், தமிழ்ச் சொல் என்றால் மிச்சமே இருக்காது. லுனர்-லேங்குவேஜஸில் தமிழுக்கான துணைக் கோப்பைச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள், இல்லையென்றால் உங்கள் இணையப் பதிப்பில் தமிழ்த் தேடலே நடக்கவில்லை.

இன்னும் குறைக்க வேண்டுமென்றால் 2022-ல் வந்த பேஜ்ஃபைண்ட் மாதிரி, இன்டெக்ஸைச் சின்னத் துண்டுகளாக வெட்டி வைத்து, தேடும் சொல்லுக்கு வேண்டிய துண்டை மட்டும் இறக்கும் முறைக்கு மாறலாம். 10,000 பக்கத் தளத்திலும் ஒரு தேடலுக்கு மொத்தம் 300 கேபிக்குள் முடியும் என்கிறார்கள் அதைச் செய்தவர்கள். இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, ஒவ்வொரு புதுத் தேடலும் நெட்வொர்க்குக்கு ஒருமுறை போய் வருவது. சிக்னல் சரியில்லாத இடத்தில் அது தெரியும். மில்லுக்குள் டெஸ்க்டாப் ஹெல்ப் இருக்கவே இருக்கிறது, போனில் பார்ப்பவருக்கு இது போதும் என்பது என் கணிப்பு. மாறும் முன் தமிழ்ச் சொற்களை அது எப்படிப் பிரிக்கிறது என்று 'கோப்பு', 'காப்பு' இரண்டையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் சீனியர் சொல்லும் 'லைக்' முட்டாள்தனமில்லை. சில எம்பியை முதலிலிருந்து கடைசி வரை படிப்பது இன்றைய மெஷினுக்கு ஒரு வேலையே இல்லை, வேகத்தில் அது தோற்காது. தோற்பது வரிசையில். பத்துப் பக்கம் கிடைத்தால் எது முதலில் என்று அதற்குத் தெரியாது, 'முகவரி'யும் திரும்ப வந்துவிடும். மேனேஜரின் சர்வர் யோசனையில் வேறு சிக்கல். எலாஸ்டிக்சர்ச் புதுப் பதிவை ஒரு நொடிக்குள் தேடலில் காட்டுவதற்காக உழைக்கும் பொருள், நீங்கள் மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள். அதற்கு மெமரி, அப்டேட், பேக்கப், ராத்திரி பத்து மணிக்கு விழுந்தால் எழுப்ப ஓர் ஆள், எல்லாம் வேண்டும். இன்டர்நெட் இல்லாத மில்லுக்கு அப்போதும் உள்ளூர் இன்டெக்ஸ் தேவைப்படும், ஆக இரண்டு தேடலைப் பராமரிப்பீர்கள். பல புராடக்ட், ஒவ்வொன்றுக்கும் பல பதிப்பு, சப்போர்ட் டிக்கெட்டுகளையும் சேர்த்துத் தேட வேண்டும், யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடும் வேண்டும் என்ற நிலை வந்தால் அப்போது பேசலாம்.

மாற்றத் தொடங்கும் முன் சப்போர்ட் டேபிளில் போய் உட்கார்ந்து, போனில் கேட்கப்படும் கேள்விகளை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே ஐம்பது எழுதி வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று பக்கத்தில் குறித்து, பில்ட் ஓடும் ஒவ்வொரு முறையும் அது முதல் மூன்றுக்குள் வருகிறதா என்று தானாகப் பார்க்க வையுங்கள். இது இல்லாமல் எடையை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்து இரண்டைக் கெடுப்பீர்கள். ஒன்றுமே கிடைக்காத தேடல்களையும், வாடிக்கையாளர் சம்மதித்தால், பதிந்து வாங்குங்கள்.

அந்த ஐம்பதில் எப்படியும் பத்துப் பதினைந்து குறியீடுகளாக இருக்கும்: ஜிஎஸ்டிஆர்-3பி, இ-வே பில், பருத்தி நூலுக்கான எச்எஸ்என் 5205, உங்கள் எர்ரர் எண்கள். பக்கத்தில் நடுவே சிறுகோடு போட்டு எழுதியிருப்பீர்கள், டோக்கனைசர் அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும், பயனர் சிறுகோடில்லாமல் சேர்த்து அடிப்பார், கிடைக்காது. சேர்த்து எழுதிய வடிவத்தைத் தேடுசொற்கள் காலத்தில் பில்ட் ஸ்கிரிப்டே தானாகச் சேர்க்கட்டும். எர்ரர் எண்ணைப் பாதி மட்டும் ஞாபகம் வைத்து அடிப்பவர்களுக்காக, எர்ரர் பட்டியலுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன டேபிள் போட்டு அதில் டிரைகிராமை வைத்துக்கொள்ளலாம், அளவு சொல்லும்படி இருக்காது. அதன் முடிவுகளைப் பிரதான முடிவுகளோடு மதிப்பெண் பார்த்துக் கலக்காதீர்கள், இரண்டு இன்டெக்ஸின் மதிப்பெண்ணும் வேறு வேறு அளவுகோல். எர்ரர் எண் பொருந்தினால் மேலே தனிக் கட்டமாகக் காட்டுங்கள்.